உதவும் குணத்துக்கு மார்க் போடாதீர்கள்: மனிதவளத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களில் மனிதவளத் துறையை நடத்துபவர்களுக்கும், யார் மேனேஜர் ஆகலாம் என்று முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஊழியரின் வேலையை மதிப்பிடும் அப்ரைசல் படிவங்களில் இப்போது ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது. ‘சக ஊழியர்களுக்குத் தானாக முன்வந்து உதவுகிறாரா? ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பெண் தரவும்’ என்பது அதன் சாரம். சில இடங்களில் அதற்கு ‘டீம் ஸ்பிரிட்’ என்று பெயர், சில இடங்களில் ‘ஓனர்ஷிப்’. நல்ல எண்ணத்தில்தான் சேர்த்திருப்பீர்கள். ஆனாலும் அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஊழியரைப் பற்றிக் கேட்கும் அந்தக் கேள்வியை அவருடைய மேலாளர் பக்கம் திருப்புங்கள். ஒரு டீமில் ஒருவருக்கொருவர் உதவுகிறார்களா இல்லையா என்பதில் அந்த டீமை நடத்துபவர் எப்படிப்பட்டவர் என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. அதை அளக்காமல் கீழே இருப்பவர்களின் குணத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

இந்த உதவியைப் பற்றி யோசித்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். 1938லேயே செஸ்டர் பர்னார்ட் இதைத் தொட்டிருக்கிறார். அவர் பேராசிரியர் இல்லை, தொலைபேசி நிறுவனம் ஒன்றின் தலைவர். ஆட்கள் மனமுவந்து ஒத்துழைக்காவிட்டால் நிறுவனம் என்ற ஒன்றே கிடையாது என்றார். 1964ல் உளவியலாளர் டேனியல் காட்ஸ் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: எழுதி வைத்த வேலைப் பட்டியலை மட்டும் நம்பி நடக்கும் அமைப்பு மிகவும் பலவீனமானது. 1980களில் ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கனும் அவருடைய சகாக்களும் இதை ஆராய இறங்கியபோது, மேற்பார்வையாளர்களிடம் போய் ஒரு கேள்வி கேட்டார்கள். உங்கள் ஆட்கள் எதையெல்லாம் செய்தால் நன்றாயிருக்கும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது? அருமையான கேள்வி அது. பதிலாக வந்தவற்றை நிறுவனக் குடிமை நடத்தை என்று பெயரிட்டு அளக்கத் தொடங்கினார்கள். 1988ல் ஆர்கன் கொடுத்த வரையறையில் மூன்று அம்சங்கள் இருந்தன. அது ஊழியரின் விருப்பத்தைப் பொறுத்தது. முறையான பரிசுத் திட்டம் அதை நேரடியாகக் கண்டுகொள்வதில்லை. எல்லாருடையதும் சேரும்போது நிறுவனம் நன்றாக ஓடுகிறது.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழிக்கும்போது, தன் வேலையை நிறுத்திவிட்டு ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்வார். ‘நாளைக்கு எங்கள் பக்கம் தாமதமாகும், அதற்கேற்ப திட்டமிட்டுக்கொள்ளுங்கள்’ என்று அடுத்த துறைக்கு முந்தின நாளே ஒருவர் போன் செய்வார். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது, யாரும் கேட்காமலே, அடுத்து வருபவருக்குப் பாதியில் நிற்கும் வேலைகளைக் குறித்து வைத்துவிட்டுப் போவார் இன்னொருவர். சின்னச் சின்ன அசௌகரியங்களைப் பெரிதாக்காமல் கடந்து போகிறவர்களும், மீட்டிங்குக்கு வரும் முன்பே விஷயத்தைப் படித்துவிட்டு வருகிறவர்களும் ஆர்கன் வகுத்த ஐந்து வகைகளுக்குள் அடங்குவார்கள்.

இதன் மதிப்பு என்ன என்று தெரிய வேண்டுமானால், இது நின்று போகும்போது பார்க்க வேண்டும். வேலைநிறுத்தம் செய்யாமலே நிறுவனத்தை முடக்கத் தொழிற்சங்கங்களுக்கு ஒரு வழி தெரியும்: விதிப்படி வேலை. விதிப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்வார்கள், ஒரு துளி கூடுதலாகச் செய்ய மாட்டார்கள். எந்த விதியும் மீறப்படுவதில்லை, ஆனாலும் வேலை நகராது. 1997ல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கக் காகித ஆலை ஒன்றில் 40 இயந்திரக் குழுக்களை எடுத்துக்கொண்டது. ஒருவருக்கொருவர் அதிகம் உதவிக்கொண்ட குழுக்களில் உற்பத்தியின் அளவும் தரமும் மேலாக இருந்தன. ஆக, இது ‘நல்ல பழக்கம்’ என்ற அளவில் முடிகிற சமாச்சாரம் இல்லை, உற்பத்திக் கணக்கிலேயே தெரிகிறது.

சரி, இவ்வளவு மதிப்புள்ளதை ஏன் மார்க் போட்டு ஊக்குவிக்கக் கூடாது? 

சமூகவியலாளர் பீட்டர் பிளௌ 1964ல் இரண்டு விதமான கொடுக்கல் வாங்கலைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் என்ன கொடுக்கிறோம், என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் முன்பே பேசப்பட்டிருக்கும். சம்பளம் அப்படிப்பட்டது. இன்னொன்றில் எதுவும் பேசப்படுவதில்லை. ஒருவர் நல்லது செய்கிறார், பெற்றவர் மனதில் ஒரு கடன் உணர்வு நிற்கிறது, என்றைக்கோ வேறு ஏதோ வடிவில் அது திரும்புகிறது. நம்பிக்கை இல்லாமல் இந்த இரண்டாவது வகை நடக்காது, நடக்க நடக்க நம்பிக்கையும் வளரும். இரவு நேரத்தில் நம்மை மருத்துவமனைக்கு அழைத்துப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் மறுநாள் காலையில் போய் ‘எவ்வளவு ஆச்சு?’ என்று பர்ஸை எடுத்தால் அவர் முகம் எப்படி மாறும்? உங்கள் படிவத்து வரி ஊழியரிடம் செய்வது அதைத்தான். இரண்டாவது வகையில் நடந்துகொண்டிருந்த ஒன்றை முதல் வகைக்கு இழுக்கிறது. இழுத்த பிறகு அவர் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். பார்க்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இனி மேலாளர் பக்கம் வருகிறேன். சேவைத் தலைமை, அதாவது சர்வன்ட் லீடர்ஷிப், உங்கள் பயிற்சி வகுப்புகளில் அடிபடும் பெயர்தான். தலைவர் முதலில் தன் ஆட்களுக்குச் சேவை செய்பவராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ராபர்ட் கிரீன்லீஃப் 1970ல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து அது பரவியது. ஏ.டி. அண்ட் டி. தொலைபேசி நிறுவனத்தில் 1926 முதல் 1964 வரை வேலை பார்த்தவர் அவர். ஆசிரமத்திலிருந்து வந்த யோசனை இல்லை, பெரிய நிறுவனத்துக்குள் நெடுங்காலம் உட்கார்ந்து பார்த்தவரின் யோசனை. நல்ல தலைவர் யார் என்று கண்டறிய அவர் வைத்த சோதனையை ஸ்லைடுகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் மனிதர்களாக வளர்கிறார்களா? முன்பைவிட ஆரோக்கியமாக, விவரமாக, சுதந்திரமாக, சொந்தக் காலில் நிற்பவர்களாக ஆகிறார்களா? அவர்களும் பிறருக்குச் சேவை செய்பவர்களாக மாறுகிறார்களா? கடைசி நிலையில் இருப்பவருக்கு என்ன ஆகிறது? பார்வை முழுக்கக் கீழே இருப்பவர் மேல்தான். தலைவர் எவ்வளவு பணிவாகப் பேசினார் என்ற கேள்வியே அதில் கிடையாது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சேவைத் தலைமை என்றதும் பலர் ஒரு நாடகம் போடத் தொடங்கிவிடுகிறார்கள். வருடத்தில் ஒரு நாள் மேனேஜர்கள் ஊழியர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள், போட்டோ எடுப்பார்கள். மறுநாள் அதே மேனேஜர் லீவு கேட்டவரை மூன்று முறை அலைய விடுவார். பரிமாறியதில் தவறில்லை, ஆனால் அதற்கும் நாம் பேசுவதற்கும் சம்பந்தம் குறைவு.

உண்மையில் அது வேறு இடங்களில்தான் தெரியும். மேலிடத்திலிருந்து எஸ்கலேஷன், அதாவது ‘ஏன் இப்படி ஆனது?’ என்ற புகார், வரும்போது மேலாளர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்று பாருங்கள். தன் டீமின் தவறைத் தன் தவறாக எடுத்துக்கொண்டு, உள்ளே வந்த பிறகு சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசுகிறாரா? அல்லது மெயிலில் எல்லாரையும் சிசியில் வைத்து ‘யார் செய்தது?’ என்று கேட்கிறாரா? காலை மீட்டிங்கில் ‘எது முடிந்தது?’ என்பதோடு நிறுத்துகிறாரா, ‘எது உங்களைத் தடுக்கிறது, நான் யாரிடம் பேசினால் அது நகரும்?’ என்றும் கேட்கிறாரா? கேட்டுவிட்டு நிஜமாகவே போய்ப் பேசுகிறாரா? பண்டிகை நாளில் யாருக்கு ஷிப்ட் என்று முடிவு செய்தபோது எப்படி முடிவு செய்தோம் என்பதை டீமுக்குச் சொன்னாரா? என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விடக் கடுமையான சோதனை வேறு ஒன்று. டீமிலேயே திறமையானவருக்கு வேறு துறையில் நல்ல வாய்ப்பு வருகிறது. அவர் போனால் மேலாளரின் அடுத்த மூன்று மாத டார்கெட் ஆட்டம் கண்டுவிடும். அப்போது அவரை அனுப்பி வைக்கிறாரா, இல்லை ‘இப்போதைக்கு விடுவிக்க முடியாது’ என்று அழுத்திப் பிடிக்கிறாரா? கிரீன்லீஃப் கேட்ட ‘வளர்கிறார்களா?’ என்ற கேள்விக்கு அந்த ஒரு முடிவில் பதில் கிடைத்துவிடும். மீதி இருப்பவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவர் நடத்தும் டீமில் உதவி அதிகமாகுமா? ஆகும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 1983ல் இரண்டு வங்கிகளின் ஊழியர்களை வைத்துச் செய்த ஆரம்பகால ஆய்விலேயே மேலாளரின் ஆதரவுக்கும் இந்த நடத்தைக்கும் உள்ள தொடர்பு தென்பட்டது. அது சேவைத் தலைமை என்ற பெயரில் செய்த ஆய்வு இல்லை. 2004ல் ஆய்வாளர் மார்க் எர்ஹார்ட் மளிகைக் கடைத் தொடர் ஒன்றின் 249 பிரிவுகளைச் சேவைத் தலைமையின் கண் கொண்டே பார்த்தார். அத்தகைய மேலாளர் இருந்த பிரிவுகளில் ‘இங்கே முடிவுகள் நியாயமான வழியில் எடுக்கப்படுகின்றன’ என்ற பொது எண்ணம் வலுவாக இருந்தது. உதவும் நடத்தையும் அதோடு சேர்ந்து உயர்ந்திருந்தது. 2010ல் வெளியான இன்னொரு ஆய்வு கென்யாவில் ஏழு பன்னாட்டு நிறுவனங்களின் 815 ஊழியர்களையும் அவர்களுடைய 123 மேற்பார்வையாளர்களையும் எடுத்துக்கொண்டது. மேலாளர் மீதான பற்று, ‘என்னால் முடியும்’ என்ற தன்னம்பிக்கை, நியாயம் பற்றிய எண்ணம், சேவையை மதிக்கும் சூழல் ஆகிய வழிகளில் சேவைத் தலைமை உதவும் நடத்தைக்குப் போய்ச் சேர்வதை அது காட்டியது.

இதில் நியாயம் பற்றிய கண்டுபிடிப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாசமான மேலாளர் கிடைத்தால் ஊழியர் அந்த மேலாளருக்கு உதவுவார், அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அவர் ஏன் பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவ வேண்டும்? அங்கேதான் நியாயம் உள்ளே வருகிறது. என் டீமில் எதுவும் திரைமறைவில் நடக்காது, நான் இன்றைக்கு விட்டுக்கொடுத்ததை யாரும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பினால், பக்கத்தில் இருப்பவர் போட்டியாளராகத் தெரிய மாட்டார். ரேட்டிங் யாருக்கு எப்படி வருகிறது என்றே புரியாத இடத்தில், எனக்குத் தெரிந்த குறுக்குவழியை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது முட்டாள்தனம். அங்கே உதவாமல் இருப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த ஆய்வுகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை கேள்வித்தாள் வழி நடந்தவை, பலவும் ஒரே காலகட்டத்தில் எடுத்த பதில்கள். மேலாளர் நல்லவராக இருப்பதால் டீம் உதவுகிறதா, ஒருவருக்கொருவர் உதவும் டீம் கிடைத்ததால் மேலாளருக்கு நல்லவராக இருக்க நேரம் கிடைக்கிறதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் கைவைக்கக்கூடிய முனை எது என்று பார்த்தால், மேலாளரைத் தேர்ந்தெடுப்பதும் அவரை எதற்காகப் பாராட்டுவது என்பதும்தான். ஊழியரின் குணத்தை மாற்ற உங்களிடம் எந்தக் கருவியும் இல்லை.

மறுபடி அந்த வரிக்கு வருகிறேன், அது செய்யும் கேடுகளை இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இஸ்ரேலிய ஆய்வாளர் எரான் விகோடா-கடோட் 2006ல் ‘கட்டாயக் குடிமை’ என்ற நிலையைப் பற்றி எழுதினார். பெயருக்கு விருப்பம், உள்ளே நிர்ப்பந்தம். அதன் பிறகு இஸ்ரேல் பள்ளி ஆசிரியர்களிடம் அவர் நடத்திய ஆய்வில், இந்தக் கட்டாயத்தோடு மன அழுத்தமும் சோர்வும் வேலையை விட்டுப் போகும் எண்ணமும் சேர்ந்தே காணப்பட்டன. இன்னொரு பக்கம் நடிப்பு. மதிப்பெண் உண்டு என்று தெரிந்த பிறகு, உதவி கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு நகரும். குரூப் சாட்டில் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முதலில் பதில் போடுபவருக்கு ஐந்து கிடைக்கும். யாரும் பார்க்காத நேரத்தில் இன்னொருவரின் தப்பைத் திருத்திவிட்டுச் சொல்லாமல் போனவருக்கு மூன்று.

பெண்களுக்கு இது இன்னும் அநியாயமாக முடிகிறது. 2005ல் ஆய்வாளர்கள் மேடலின் ஹெய்ல்மன், ஜூலி சென் இருவரும் செய்த சோதனைகளில் ஒரே உதவியை ஆண் செய்தபோது அவருடைய மதிப்பீடு உயர்ந்தது, பெண் செய்தபோது உயரவில்லை. செய்யாமல் விட்டபோது பெண்ணுக்கு மதிப்பீடு சரிந்தது, ஆணுக்குச் சரியவில்லை. பெண் உதவினால் அது அவர் கடமை, ஆண் உதவினால் அது அவர் பெருந்தன்மை! உங்கள் ஐந்து மார்க் இந்தப் பாரபட்சத்தை எண்ணாக மாற்றி, சம்பள உயர்வு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

உங்கள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருப்பது எனக்குத் தெரியும். எழுதினாலும் எழுதாவிட்டாலும் மேலாளர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துத்தானே ரேட்டிங் போடுகிறார்கள்? உண்மைதான். 1991ல் விற்பனையாளர்களை வைத்துச் செய்த ஆய்வு, மேலாளரின் மதிப்பீட்டில் விற்பனைக் கணக்குக்கு நிகராக இந்த நடத்தையும் எடை பெறுவதைக் காட்டியது. அப்படியானால் வெளிப்படையாகவே எழுதிவிடலாமே, அதுதானே நேர்மை என்று நீங்கள் கேட்கலாம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. என் பதில் இது: உதவி என்று நாம் சொல்லும் பலவும் உண்மையில் வேலை. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது வேலை. பயிற்சிக் குறிப்பு எழுதுவது வேலை. விடுப்பில் இருப்பவரின் மேஜையைப் பார்த்துக்கொள்வதும் வேலை. அவற்றை வேலை என்றே அறிவித்து, நேரம் ஒதுக்கி, யார் முறை என்று அட்டவணை போட்டு, அதற்குரிய மதிப்பைக் கொடுங்கள். எது வேலை, எது வேலைக்கு மேல் என்பதில் ஊழியரும் மேற்பார்வையாளரும் ஒத்துப்போவது குறைவு என்று 1994லேயே ஆய்வாளர் எலிசபெத் மாரிசன் காட்டியிருக்கிறார். எல்லையை எழுதி வைத்தால் பாதிச் சண்டை தீரும். அதன் பிறகும் மிச்சமிருக்கும் உதவி இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள்.

காலியான இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகியும் ஆள் எடுக்கவில்லை, மீதிப் பேர் ‘ஒற்றுமையாக’ அந்த வேலையைப் பகிர்ந்து செய்கிறார்கள், வருடாந்திரக் கூட்டத்தில் அதற்குக் கைதட்டு. இதை உதவி என்று சொல்லாதீர்கள். நல்ல மேலாளர்கள் இருக்கும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கிறது. அவர் முகத்துக்காக ஆட்கள் இழுத்துப் போட்டுச் செய்வார்கள், நிர்வாகத்துக்கு ஒரு சம்பளம் மிச்சமாகும். சேவைத் தலைமையைச் செலவு குறைக்கும் வழியாகப் பார்க்கும் நிர்வாகம், கடைசியில் அந்த மேலாளரின் மேல் இருந்த நம்பிக்கையைத்தான் செலவழிக்கிறது. ஒரு மேலாளர் உண்மையிலேயே தன் ஆட்களுக்குச் சேவை செய்பவர் என்றால், அவர் முதலில் செய்ய வேண்டியது உங்கள் அறைக்கு வந்து ‘ஆள் கொடுங்கள், இல்லையென்றால் இந்த வேலையை நிறுத்துகிறேன்’ என்று சண்டை போடுவது. அப்படி வருபவரை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்? பல இடங்களில் அவருக்கு ‘ஒத்துழைக்காதவர்’ என்று பெயர் வந்துவிடுகிறது.

அப்புறம் யாரை மேனேஜர் ஆக்குவது என்ற விஷயம். சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றில் நடந்து 2013ல் வெளியான ஆய்வில் ஒரு சங்கதி கவனத்துக்குரியது. ஊழியர்களிடம் சேவைத் தலைவர் என்று மதிப்பெண் வாங்கிய மேலாளர்கள் இணக்கமான சுபாவம் உள்ளவர்களாக இருந்தார்கள். கலகலப்பாகப் பேசி எல்லாரையும் கவரும் சுபாவம் கூடுதலாக இருந்தவர்களுக்கு அந்த மதிப்பெண் குறைவாகவே வந்தது. நேர்முகத் தேர்வில் நாம் யாருக்கு மயங்குகிறோம் என்று யோசித்தால் சிரிப்புதான் வருகிறது. ப்ரமோஷன் பட்டியலில் ஒருவர் பெயர் வரும்போது அவருடைய பிரசன்டேஷனைப் பார்ப்பதோடு, அவரோடு முன்பு வேலை செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அவர்கள் வளர்ந்து வேறு பொறுப்புகளுக்குப் போயிருக்கிறார்களா, வெறுத்துப்போய் வெளியேறியிருக்கிறார்களா? உங்கள் கோப்புகளில் ஏற்கெனவே உள்ள தகவல்தான். புதிய கேள்வித்தாளெல்லாம் தேவையில்லை.

மேலாளரைப் பற்றிக் கீழே இருப்பவர்களிடம் கேட்பதாக இருந்தால், பெயர் வெளியே வராதபடி கேளுங்கள். ‘உங்கள் மேலாளர் நல்லவரா?’ என்று கேட்காதீர்கள். ‘கடந்த மாதம் உங்கள் வேலைக்குத் தடையாக இருந்த எதையாவது அவர் நீக்கினாரா? உங்களைப் பாதித்த ஒரு முடிவுக்கு அவர் காரணம் சொன்னாரா? உங்கள் தவறுக்கு அவர் வெளியே எப்படிப் பதில் சொன்னார்?’ என்று நடந்ததைக் கேளுங்கள். இரண்டு பேர் மட்டும் இருக்கும் டீமில் இதைக் கேட்காதீர்கள், யார் சொன்னார் என்று உடனே தெரிந்துவிடும்.

கடைசியாக, மேலாளருக்கு ஆதரவாகவும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. காதுகொடுத்துக் கேட்பது, தடைகளை நீக்குவது, ஒவ்வொருவருக்கும் அடுத்த படி என்ன என்று யோசிப்பது எல்லாம் நேரம் தின்னும் வேலைகள். முப்பது பேரை ஒருவர் தலையில் கட்டி, அவருக்கே தனியாக ஒரு டார்கெட்டும் கொடுத்து, நாளுக்கு ஆறு மீட்டிங்கும் வைத்துவிட்டு, சேவைத் தலைவராக இரு என்று இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினால் அவர் என்னதான் செய்வார்? வகுப்பில் சொன்னதெல்லாம் அவருக்குப் புரியும், திங்கட்கிழமை காலையில் செய்ய முடியாது. ஒரு மேலாளருக்குக் கீழே எத்தனை பேர் என்பதை முடிவு செய்யும் கோப்பு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது. அடுத்த வருடப் பயிற்சி பட்ஜெட்டில் ஒரு பகுதியை எடுத்து, மிகப் பெரிய டீம்களை இரண்டாகப் பிரித்து இன்னொரு டீம் லீட் போட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை அந்த மேலாளர்களிடமே நேரில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல ஆண்டுகள் டீம் நடத்திய, இன்னமும் அப்ரைசல் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் ஒருவர்